உன் மகளின் பைத்தான் சந்தேகங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலி தேவலை என்றதில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மழை வந்தும் புழுக்கம் போகவில்லை.

பாப்பா கல்லூரியில் பைத்தான் என்ற கணினி மொழியை ஆரம்பித்துத் திணறுகிறாள் என்று எழுதியிருந்தாய். சாயங்காலம் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் கதையும் அதுதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், அவளிடம் காட்டு.

சிவப்பாக எரர் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறாளாமே, அதை முதலில் நிறுத்தச் சொல். எரரைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். என்ன தப்பு என்பது அங்கே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே. நேம்எரர், அதாவது இந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று பைத்தான் சொன்னால், பெரும்பாலும் எழுத்துப்பிழை, இல்லையென்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம். நிபந்தனை சொல்லும் இஃப் வரியின் முடிவில் கோலன் (:) விட்டுப்போனால், 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதல் பைத்தானே அதைச் சொல்லிவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில், அடைப்புக்குறியை மூட மறந்த பழி அடுத்த வரியின் தலையில் விழும். லேபில் பழைய பதிப்பு இருந்தால் மேல் வரியையும் பார்க்கட்டும்.

கத்துகிற பிழை நல்ல பிழை. வாயே திறக்காத பிழைதான் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னால் 25-க்கும் 30-க்கும் 2530 என்று விடை வரும். நாம் தட்டுவதை வாங்கும் இன்புட், எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துகளாகத்தான் தரும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றாவிட்டால் இரண்டையும் ஒட்டிவைத்துவிடும். 2530-ஐப் பார்த்தாலாவது சந்தேகம் வரும். ஒன்றிலிருந்து பத்து வரை கூட்ட ரேஞ்ச்(1, 10) என்று எழுதினால் அது கடைசி எண்ணைச் சேர்க்காமல் 9-உடன் நின்று 45 என்று காட்டும். 55 வர வேண்டும் என்று தெரியாதவன் அதை அப்படியே நம்பிவிடுவான்.

லீப் வருடம் இன்னும் மோசம். நாலால் வகுபட்டால் போதும் என்று எழுதி, 2024-ஐப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். 1900-ஐக் கொடுத்தால் வண்டவாளம் தெரியும். நூறால் வகுபடும் வருடம் 400-ஆலும் வகுபட்டால்தான் லீப்; 2000 தேறும், 1900 தேறாது.

அதனால், ரன் கொடுப்பதற்கு முன் விடையை நோட்டில் எழுதச் சொல்கிறேன். முனகிக்கொண்டே எழுதுகிறார்கள். ரெக்கார்டு நோட்டில் புரோகிராமை அழகான கையெழுத்தில் பார்த்து எழுதும் வேலை எதற்கென்றுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு புரோகிராமை வேண்டுமென்றே கெடுத்து, என்ன எரர் வருகிறது என்று பார்த்திருக்கலாம். கோலனை எடுத்துப் பார்க்கட்டும். விடையைக் காட்டும் பிரிண்ட்டை, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் தள்ளிப் பார்க்கட்டும்.

சிக்கினால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். பாதி வெட்டுப்பட்ட போட்டோ வேண்டாம், எரர் முழுசாக வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் வைகாசித் தேருக்கு வருவதாகச் சொன்னாயே, அவளையும் கூட்டிக்கொண்டு வா. லேப்டாப்பை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் நண்பன்