பதிலோடு வழியும் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் அறிவியல் கேள்வி-பதில் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். கேள்விகள் அருமையாக வருகின்றன. பதில்கள்தான் பல சமயம் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. சென்ற இதழில் ஒரு மாணவி, 'ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் ஏன் வகுக்க முடியாது?' என்று கேட்டிருந்தார். 'அது வரையறுக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் பதில். அவர் கேட்டது 'ஏன்' என்று. கிடைத்தது ஒரு தீர்ப்பு.

12-ஐ 3-ஆல் வகுப்பது என்றால், 3-ஐ எதால் பெருக்கினால் 12 வரும் என்று தேடுவதுதான். அதையே 12 ÷ 0 என்று எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். 12 வரவே வராது. 0 ÷ 0 என்றால் சிக்கல் வேறு மாதிரி: எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்திவிடுகிறது. ஒன்றில் விடையே இல்லை, இன்னொன்றில் எல்லாமே விடை. இதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். ஆரம்ப நிலை வாசகருக்குப் புரியாது என்று நினைத்து இதை விட்டுவிடுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

வானியல் கேள்விகளில் இன்னொரு குறை. வாசகர் மனதில் ஏற்கெனவே ஒரு தவறான விளக்கம் உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் சரியானதை மட்டும் சொன்னால் இரண்டும் சேர்ந்தே தங்கிவிடும். பருவங்களுக்குக் காரணம் பூமியின் 23.4 டிகிரி சாய்வு என்று எழுதினால் மட்டும் போதாது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.71 கோடி கி.மீ. தொலைவில். மிகத் தள்ளிப் போவது ஜூலையில், சுமார் 15.21 கோடி கி.மீ. வட அரைக்கோளத்தில் அந்த ஜனவரிதான் குளிர்காலம். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் 'கிட்டே வந்தால் கோடை' என்ற எண்ணம் போகும்.

நிலாவின் பிறைகளும் அப்படித்தான். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று நம்புகிற படித்தவர்கள் எத்தனையோ பேர். மூன்றாம் பிறையைப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் அதே மேற்கு வானில், சூரியன் மறைந்த பக்கமாகவே ஒளி விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். பூமியின் நிழலோ எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் நீளும். அந்த நிழல் மேற்கே நிற்கும் பிறையின் மேல் எப்படி விழும்? சூரிய ஒளி படும் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவே நமக்குத் தெரிகிறது. நிழல் விழக்கூடிய நாள் பௌர்ணமி மட்டும். விழுந்தால் அது சந்திர கிரகணம். பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா அந்த நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிவிடுகிறது.

இந்தக் குழப்பத்தில் நாம் அச்சிடும் படங்களுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. பூமியை 1 செ.மீ. வட்டமாக வரைந்தால், நிலாவைக் கால் செ.மீ.க்குச் சற்றே கூடுதலான வட்டமாக, 30 செ.மீ. தள்ளி வரைய வேண்டும். இதழின் பக்கத்தில் அதற்கு இடமில்லை. அதனால் இரண்டையும் ஒட்டினாற்போல் போட்டுவிடுகிறோம். அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு, நிழல் மாதந்தோறும் நிலாவை மூடாமல் இருப்பதுதான் ஆச்சரியமாக இருக்கும்!

எனவே இரண்டு வேண்டுகோள்கள். ஒவ்வொரு பதிலிலும், வாசகர் தாமே பேனாவை எடுத்தோ வானத்தைப் பார்த்தோ சரிபார்க்க ஒரு வழி சொல்லுங்கள். அளவுப்படி வரையாத படத்தின் கீழே அதை ஒரு வரியில் குறிப்பிட்டு, உண்மையான தொலைவையும் போடுங்கள். அந்த மாணவியின் கேள்வியை அடுத்த இதழில் மறுபடி எடுத்துக்கொண்டால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
தங்கள் வாசகர்