டிஸ்சார்ஜ் தேதியை இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள்

மாவட்ட அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு, வீட்டோடு படுத்திருக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் எழுதுவது. வணக்கம்.

இடுப்பு எலும்பு முறிந்து, பாதி மூட்டு மாற்றப்பட்ட எண்பது வயது அம்மாவை, காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். மதியத்துக்குள் கட்டில் காலியாக வேண்டும். அந்தக் கட்டிலுக்கு அடுத்தவர் காத்திருப்பது எங்களுக்கும் தெரியும். கூடுதல் நாள் வைத்திருக்கச் சொல்லவில்லை. போகும் தேதியை இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள் என்கிறோம்.

அவர் குந்தி உட்காரக் கூடாது, சம்மணமும் கூடாது. வீட்டில் இருப்பதோ தரையோடு பதித்த கழிப்பறை. கமோடு நாற்காலிக்கு அலைய வேண்டும். குளியலறைக் கதவு இரண்டடிதான் என்றால் சக்கர நாற்காலி நுழையாது. கட்டிலை எங்கே போடுவது என்பதே மாறிவிடும். இதையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிய பிறகு யோசிக்க முடியாது.

மாத்திரையில் நடக்கும் தவறு இன்னும் மோசம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வருகிறது. வார்டிலிருந்தும் அதே அம்லோடிபின் வேறு அட்டையில் போகிறது. இரண்டையும் விழுங்கியவர் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழலாம், மறு இடுப்பும் போகலாம். சீட்டில் புது மருந்தை மட்டும் எழுதினால் போதாது. பழைய அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, நிறுத்தியது எது என்று தமிழில் எழுதி, அந்த அட்டையைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்சுலினை நினைத்தால்தான் பயம். குப்பி மில்லிக்கு 40 யூனிட்டாக இருந்து, கடையில் 100 யூனிட் சிரிஞ்சு கொடுத்துவிட்டால், 20 கோடு இழுத்தாலும் 8 யூனிட்தான் ஏறும். 100 யூனிட் குப்பியில் 40 யூனிட் சிரிஞ்சைப் போட்டால் அதே 20 கோட்டில் 50 யூனிட் ஏறிவிடும், உயிரே போகலாம். சிவப்பு மூடியா (40 யூனிட் சிரிஞ்சு) ஆரஞ்சு மூடியா (100 யூனிட் சிரிஞ்சு) என்று காட்டி, அதே வகைச் சிரிஞ்சைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

யூரின் டியூப் இருந்தால் போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி, லேட்டெக்ஸா சிலிக்கானா என்பது மூன்றும் சீட்டில் வேண்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. சிறுநீர் வராமல் அடிவயிறு கெட்டியானால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் பதியாது, நர்ஸ் முன்னால் இரண்டு முறையாவது செய்துபார்க்க வைக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற மகனை விட்டுவிட்டு, வீட்டில் உண்மையில் பார்த்துக்கொள்ளப் போகும் மருமகளையோ மகளையோ வரவழையுங்கள். முடிந்தவரை சனிக்கிழமை மாலையில் அனுப்பாதீர்கள். மறுநாள் ஊரில் கிராம சுகாதார செவிலியரைப் பிடிப்பது கடினம். சீட்டின் மேல் பகுதியில் வார்டின் போன் எண் ஒன்று இருக்கட்டும், இரவு பத்து மணிக்கும் யாராவது எடுக்கிற எண்ணாக.