பிடித்து வைப்பதும் வேலைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் ஆக்சின் என்ற புரதத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக இருந்தது, சரி. ஆனால் 'இது மற்ற புரதங்களைத் தாங்கும், அவ்வளவே' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, அங்கேதான் உதைக்கிறது.

ஆக்சின் நொதி இல்லை என்பது உண்மை. ஆனால் அது யாரை யார் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று பாருங்கள். பீட்டா-கேட்டனின் என்ற புரதம் செல்லுக்குள் அளவு மீறிச் சேர்ந்தால் உட்கருவுக்குள் புகுந்து, செல் பெருகச் சொல்லும் மரபணுக்களைத் தட்டி எழுப்பிவிடும். அதனால் உருவாக உருவாக அதை அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சின் அதைப் பிடித்துக்கொண்டு, ஏபிசி என்ற பெரிய புரதத்தையும் சிகே1, ஜிஎஸ்கே3 என்ற இரு நொதிகளையும் அதே இடத்தில் சேர்க்கிறது. முதலில் சிகே1 பீட்டா-கேட்டனினின் 45-ஆவது அமினோ அமிலத்தில் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழு ஒன்றை ஒட்டும், அது ஒட்டிய பிறகுதான் ஜிஎஸ்கே3 41, 37, 33 என்று வரிசையாக ஒட்டிக்கொண்டு போக முடியும், அப்புறம் அந்த அடையாளத்தை வைத்து யுபிக்விட்டின் என்ற 'அழிக்கவும்' சீட்டு மாட்டப்பட்டு, புரோட்டியசோம் என்ற புரதம் நொறுக்கும் அமைப்பில் பீட்டா-கேட்டனின் துண்டு துண்டாகும். இதே ஜிஎஸ்கே3தான் செல் சர்க்கரையைச் சேமித்துவைக்கும் கிளைக்கோஜன் விவகாரத்தில் இன்சுலினுக்கும் பதில் சொல்கிறது. அதில் ஒரு பங்கைத் தனியே பிரித்து இந்த வேலைக்கு வைத்திருப்பது ஆக்சின்.

வெளியிலிருந்து வின்ட் என்ற புரதத்தின் சமிக்ஞை வந்தால் ஆக்சின் செல் சவ்வுக்குப் போய், அந்தச் சமிக்ஞையை வாங்கும் எல்ஆர்பி6 ஏற்பியோடு சேர்ந்துகொள்ளும். அழிப்பு தடைப்பட்டு பீட்டா-கேட்டனின் சேரத் தொடங்கும்.

நீங்கள் போட்ட 'சாரப் புரதம்' என்ற சொல்லும் எனக்கு அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவோம். இதைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு, கல்லீரல் புற்றுநோய்களில் ஒரு பகுதியில் ஆக்சின்1 மரபணு பழுதாகியிருப்பதே சாட்சி. அதன் உடன்பிறப்பான ஆக்சின்2 இன்னும் விசித்திரம். அதில் பிறழ்வு இருந்த ஒரு பின்லாந்துக் குடும்பத்தில் பலருக்கு நிரந்தரப் பற்கள் நிறைய முளைக்கவே இல்லை, கூடவே பெருங்குடல் புற்றுநோயும் வந்தது என்று 2004-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பல்லுக்கும் குடலுக்கும் என்ன உறவு என்று முதல் தடவை படித்தபோது நானே திகைத்துப்போனேன்.

தனியாகத் திருத்தம் எல்லாம் வேண்டாம். இணையப் பதிப்பில் அந்த 'அவ்வளவே'யை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிவியல் பக்க வாசகர்