ஸ்வீட்ஸ்போரோவிலிருந்து அப்பாவுக்கு

ஸ்வீட்ஸ்போரோ,
நியூ ஜெர்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். பனிக்கு நல்ல கோட் வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கிடங்கில் நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை, ஆனாலும் பழகிவிட்டது. ஊர் சின்னது. கோடையில் தக்காளியும் பீச் பழமும் சாலையோரத்திலேயே விற்கிறார்கள். புளிக்கும் நல்லெண்ணெய்க்கும்தான் வெகுதூரம் போக வேண்டும்.

மீதிக் கடிதம் உங்களுக்கென்றே எழுதுகிறேன். இங்குள்ள பழைய டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் லூயிஸ் கார்பென்டர் என்ற குதிரைப்படை அதிகாரியை அடக்கம் செய்திருக்கிறார்கள். பட்டாளத்துக்காரரான உங்களுக்கு இவரைப் பிடிக்கும்.

1839இல் கிளாஸ்போரோவில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் வந்ததும் 1861இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானார். 1866இல் புதிதாக அமைத்த 10ஆம் குதிரைப்படையில் கேப்டன் பதவி கிடைத்தது. அதில் சிப்பாய்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். அப்படிப்பட்ட படையே வேண்டாம் என்று ஒதுங்கிய அதிகாரிகள் உண்டு. பேர்பெற்ற குதிரைப்படைத் தளபதி கஸ்டரும் அதில் ஒருவர். கார்பென்டர் 1883 வரை, 17 வருடம், அந்தச் சிப்பாய்களோடு இருந்தார். அவருடைய பதக்கத்தைவிட எனக்கு இதுதான் பெரிது.

பதக்கத்தின் கதையையும் கேளுங்கள். 1868 செப்டம்பரில் கொலராடோவின் அரிக்காரி ஆற்று மணல்திட்டில் மேஜர் ஃபார்சைத்தும் வேவு பார்க்கும் ஏறக்குறைய 50 சாரணர்களும் செயேன், லகோட்டா, அரபாஹோ என்ற பூர்வகுடி வீரர்களின் முற்றுகையில் மாட்டிக்கொண்டார்கள். குதிரைகள் செத்துவிட்டன. அழுகிய குதிரைக்கறியைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரவில் நழுவி வந்த தூதர்கள் மூலம் சேதி தெரிந்ததும் கார்பென்டர் தன் எச் கம்பெனியோடு விரைந்தார். 25ஆம் தேதி முதலில் போய்ச் சேர்ந்தது அவர்கள்தான். அந்தக் கம்பெனியில் அடிமையாகப் பிறந்த ரூபன் வாலர் என்ற சிப்பாய் இருந்தார். பட்டினி கிடந்தவர்களுக்குக் கையில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தார்களாம். டாக்டர் வந்து தடுத்திருக்காவிட்டால் சாப்பாடு போட்டே கொன்றிருப்போம் என்று வாலர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் பீவர் கிரீக்கில் இன்னொரு சண்டை. அந்த இரண்டு மாதச் சேவைக்காகக் கொடுத்த மெடல் ஆஃப் ஆனர், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம், கைக்கு வந்தது 1898இல், 30 வருடம் கழித்து! மறுவருடம் பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்று, 1916இல் இறந்தார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். செயேன் மக்கள் தங்கள் வேட்டை நிலத்தில் ரயிலும் குடியேறிகளும் புகுந்ததால்தான் ஆயுதம் எடுத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதனால் கார்பென்டரின் சண்டைகளை நான் கொண்டாடவில்லை. மற்ற அதிகாரிகள் ஒதுக்கிய சிப்பாய்களோடு அத்தனை வருடம் நின்ற மனிதரைத்தான் மதிக்கிறேன்.

உங்கள் சர்வீஸில் இப்படி ஓர் அதிகாரியைப் பார்த்திருக்கிறீர்களா அப்பா? மணிப்பூரில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எங்களிடம் அதிகம் பேசியதே இல்லை. அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்