போர்க்கால வாகனப் புதுப்பிப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. உதிரிபாகப் பரிமாற்ற நாள் குறைவின்றி நடந்தேறியது.

நம் சங்கத்தின் ஜீப் ஏன் இந்த ஆண்டு அணிவகுப்புக்கு வரவில்லை என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்வது என் கடமை: புதுப்பிப்பு வேலை இன்னும் முடியவில்லை. வண்டி 'வில்லிஸ் எம்பி', அதாவது வில்லிஸ் நிறுவனம் தயாரித்த இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப், என்றுதான் நம்மிடம் வந்தது. எம்பி சேசிஸில் (அடிச்சட்டத்தில்) முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருக்கும். நம் வண்டியில் இருப்பதோ கவிழ்த்த 'ப' வடிவத் தகடு. அது, அதே ஜீப்பை ஃபோர்டு நிறுவனம் தயாரித்த 'ஜிபிடபிள்யூ'வுக்கு உரியது. ஃபோர்டு எண் குத்தும் இடமான இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் துருவைச் சுரண்டியதும் சேசிஸ் எண் தெரிந்தது. போல்ட் தலைகளில் ஃபோர்டின் 'எஃப்' முத்திரையும் இருக்கிறது. என்ஜின் மட்டும் எம்பியுடையது. இரண்டு வண்டிகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் ராணுவப் பட்டறைகளிலேயே என்ஜின்களை மாற்றிப் போட்டார்கள். அதுவும் வண்டியின் வரலாறுதான். ஆகவே என்ஜினை மாற்றுவதில்லை, எந்த எண்ணையும் புதிதாகக் குத்துவதில்லை என்று முடிவு செய்தோம்.

பானெட்டை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய நான் சம்மதிக்காததில் சிலருக்கு வருத்தம். வாட்டர் பேப்பரால் பெயின்ட்டை அடுக்கடுக்காகத் தேய்த்தால்தான் பழைய ராணுவப் பதிவு எண் கிடைக்க வழியுண்டு. மணல் பட்டால் அந்தச் சான்று அன்றோடு போய்விடும். வேலை மெதுவாக நகர்வதற்கு இதுவே காரணம்.

இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் நட் கழலும். பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தும், படிக்காமல் ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி இழுத்ததில் ஸ்டட்கள் (நட் ஏறும் மரைக்கம்பிகள்) முறிந்தன. அதைவிட முக்கியம்: இரண்டு பாதிகளை இணைத்த 'காம்பாட்' ரிம்மில், வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்காமல் வெளிவட்ட நட்களை யாரும் தொடக் கூடாது. காற்றோடு பிரிந்தால் ரிம் ஆளைக் கொன்றுவிடும்.

வேலை நாட்களுக்கு வந்தவர்கள் அதே நான்கைந்து பேர்தான். புகைப்பட நாளில் கூடிய கூட்டம் துரு சுரண்டும் நாளில் இல்லை. சந்தா பாக்கியும் கவலை தரும் அளவில் இருக்கிறது. வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது, கையிருப்பு 6.00-16 அளவு டயர்களுக்குப் போதாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பட்டறை இடம் தந்தவருக்கும் உதவிய அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வயரிங் தொடங்குகிறோம். வண்டியின் 6 வோல்ட் மின்னமைப்பை 12 ஆக்கலாம் என்ற யோசனைக்கு அவசியமில்லை. ஆனால் அதே சக்திக்கு 6 வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் ஓடும். ஆகவே கேபிள் தடிமனாகவும் எர்த் முனைகள் வெற்று உலோகமாகவும் இருந்தாக வேண்டும். புதுப்பித்த வண்டிகளில் ஸ்டார்ட்டர் திணறுவது பெரும்பாலும் எர்த் பட்டைக்கு அடியில் புதுப் பெயின்ட் இருப்பதால்தான். ஒவ்வொரு முனையையும் கையால் சுரண்ட ஆட்கள் வேண்டும். அந்த நாட்களில் பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு பட்டறையிலேயே இருப்பார்.