இரட்டை கிராஃபிக்ஸ் கார்டும் 96 ஹெர்ட்ஸ் திரையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கியூநிக்ஸ் கியூஎக்ஸ்2710 போன்ற 27 அங்குல கொரிய மானிட்டர்களை 60 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 60 படங்கள்) மேல் ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டிப் பயன்படுத்திவரும் உங்களில் சிலர், பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி இரண்டாவதாகப் பொருத்திய பிறகு திரையில் கோடுகள் ஓடுவதாகவோ, படமே வராமல் போவதாகவோ கூறி மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். பெரும்பாலான வேளைகளில் பழுது மானிட்டரில் இருப்பதில்லை. அதைச் சுமந்து வருவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 2560×1440 திரைக்கு கார்டு அனுப்புவது கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளை மட்டுமன்று. வரிகளுக்கும் படங்களுக்கும் இடையிலான வெற்று இடைவெளியையும் சேர்த்து, வழக்கமான அமைப்பில் 2720×1481, அதாவது ஒரு படத்துக்கு 40,28,320 புள்ளிகளை அனுப்புகிறது. 60 ஹெர்ட்ஸில் இது ஏறத்தாழ 241.7 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (புள்ளிகள் அனுப்பப்படும் வேகம்) ஆகும். 96 ஹெர்ட்ஸில் 386.7, 120 ஹெர்ட்ஸில் 483.4. இந்த மானிட்டர்களுக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் இரட்டை இணைப்பு டிவிஐ கேபிளின் வழக்கமான கணக்கோ 165-இன் இருமடங்கான 330 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே 96 ஹெர்ட்ஸிலேயே நாம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். அதன்பின் கேபிள், கார்டு, திரை ஆகியவை எவ்வளவு தாங்குகின்றன என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஒரே மாடலில் ஒரு மானிட்டர் 120-ஐ எட்டுவதும் மற்றொன்று 96-இலேயே நின்றுவிடுவதும் இதனால்தான்.

ஒற்றைக் கார்டில் கேபிள்தான் முதல் சந்தேகத்துக்குரியது. நடுவிலுள்ள ஆறு ஊசிகள் இல்லாத ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிள் இதற்கு உதவாது. நீளமான, மெல்லிய கேபிளில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் மினுங்குவது இயல்பு. குட்டையான, தடித்த கம்பியுள்ள கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவிஐக்கு மாற்றும் அடாப்டர்கள் பெரும்பாலும் 330-ஐத் தாண்டுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவும். ஜிடிஎக்ஸ் 1080 டிஐயின் ஃபவுண்டர்ஸ் எடிஷனில் (என்விடியாவே வெளியிட்ட வடிவம்) டிவிஐ துளையே கிடையாது என்பது, வாங்கிய பிறகு தெரியவந்தால் மனம் நோகச் செய்யும் செய்தி.

இரண்டு கார்டுகள் சேரும்போது கதை மாறுகிறது. என்விடியாவின் இரட்டைக் கார்டு முறையான எஸ்எல்ஐயில் இரு கார்டுகளும் பொதுவாக ஒன்றுவிட்டு ஒன்றாகப் படங்களை வரைகின்றன. இரண்டாவது கார்டு வரைந்த படம், இரு கார்டுகளையும் இணைக்கும் பிரிட்ஜ் என்ற சிறு இணைப்பி வழியாக முதல் கார்டுக்கு வந்து, அங்கிருந்து மானிட்டருக்குச் செல்கிறது. டெஸ்க்டாப்பிலோ முதல் கார்டு மட்டுமே உழைக்கிறது. எனவே, டெஸ்க்டாப் 96 ஹெர்ட்ஸில் தெளிவாக இருந்து, விளையாட்டைத் தொடங்கியதும் கோடுகளோ துடிப்போ தோன்றினால், மானிட்டரையும் கேபிளையும் குற்றம் சொல்வதற்கு முன் பிரிட்ஜையும் இரண்டாவது கார்டையும் பாருங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐயை அணைத்துவிட்டு, அதே விளையாட்டை அதே வேகத்தில் ஓட்டுங்கள். கோடுகள் மறைந்தால் மானிட்டர் குற்றமற்றது. அடுத்து, கணினியை அணைத்து மின்இணைப்பைப் பிடுங்கிய பின், இரு கார்டுகளின் இடத்தையும் மாற்றிப் பொருத்தி, ஒவ்வொன்றையும் தனியே ஓட்டிப் பார்த்தால் கார்டா பிரிட்ஜா என்பது தெரிந்துவிடும்.

பிரிட்ஜ்களும் ஒரே தரத்தவை அல்ல. மதர்போர்டுடன் வரும் வளையும் நாடா வகை, 1440 தெளிவில் 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் என்றே என்விடியா பரிந்துரைத்தது. அதே தெளிவில் 120 ஹெர்ட்ஸுக்கு எல்ஈடி பிரிட்ஜைச் சொன்னது. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1070, 1080 கார்டுகளுடன் வந்த எச்பி பிரிட்ஜ், இணைப்பின் வேகத்தை 400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 650-க்கு உயர்த்தியது. அந்த வேகம் அக்கார்டுகளின் பாஸ்கல் தலைமுறைக்கு மட்டுமே உரியது என்பதால், முந்தைய தலைமுறையின் 980 டிஐ வைத்திருப்பவர்கள் அதை எங்களிடம் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஏஎம்டி தரப்பில், 2013-இன் ஆர்9 290 முதல் பிரிட்ஜே தேவைப்படாமல், மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவே படம் கடந்து செல்லும் முறை வந்தது.

இதை எழுதும் எங்களுக்கும் இந்தத் தவறு நேர்ந்ததுண்டு. எங்கள் பணிமேசைக்கு வந்த ஒரு மானிட்டரின் உட்பலகையை இரண்டு நாள் ஆராய்ந்து, கேபிளையும் மாற்றி, கடைசியில் வாடிக்கையாளரின் நாடா பிரிட்ஜைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகியதும் எல்லாம் சரியாயிற்று. அவரிடம் கூலி வாங்கவில்லை.

மென்பொருள் தரப்பில் இரண்டு செய்திகள் போதும். எஸ்எல்ஐயை இயக்கிய பிறகோ கேபிளை வேறு துளைக்கு மாற்றிய பிறகோ, நீங்கள் சேர்த்த 96 ஹெர்ட்ஸ் தேர்வு பட்டியலில் காணாமற்போகலாம். மானிட்டர் புதிய இணைப்பாகப் பதிவாவதால் அதை மீண்டும் சேர்க்க வேண்டும். மானிட்டர் முதன்மைக் கார்டில்தான் செருகப்பட்டுள்ளதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது, வெற்று இடைவெளியைக் குறைத்து மொத்தத்தை 2640×1450 என அமைத்தால் 96 ஹெர்ட்ஸுக்கு 367.5 மெகாஹெர்ட்ஸே போதும். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால், கார்டின் நினைவகம் வேகம் மாற்றிக்கொள்ள நேரமின்றித் திரை வெட்டிவெட்டி மினுங்கும். டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கோப்பையே திருத்தி பிக்சல் கிளாக் வரம்பை நீக்கும் கருவிகளும் உண்டு. ஒவ்வொரு டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகும் அந்தத் திருத்தத்தை மறுபடி செய்ய வேண்டியிருப்பதால், நாங்கள் அதை வாடிக்கையாளர் கணினியில் செய்து தருவதில்லை. படமே வராமல் போனால் சேஃப் மோடில் நுழைந்து, சேர்த்த தேர்வை நீக்கினால் திரை பழைய நிலைக்குத் திரும்பும்.

திரை 96 என்று காட்டுவது மட்டும் சான்றாகாது. உள்ளே படங்களைத் தவறவிட்டுக்கொண்டே அந்த எண்ணைக் காட்டும் மானிட்டர்களும் உள்ளன. கட்டங்களின் மீது ஒரு வெள்ளைச் சதுரம் படத்துக்கு ஒரு கட்டமாக நகரும் சோதனையை ஓடவிட்டு, பத்தில் ஒரு வினாடி ஷட்டர் வேகத்தில் புகைப்படம் எடுத்தால், ஒன்பது அல்லது பத்துக் கட்டங்கள் இடைவெளியின்றி ஒளிர வேண்டும். நடுவே கருப்புக் கட்டம் விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

ஓவர்கிளாக் செய்யும்போது வெளிச்சம் மங்குவதையும் நிறம் சற்று மாறுவதையும் பழுதாக ஏற்று மாற்றித்தர எங்களால் இயலாது. மேற்சொன்ன சோதனைகளுக்குப் பிறகும் ஒற்றைக் கார்டில், 60 ஹெர்ட்ஸிலேயே கோளாறு இருந்தால், தயங்காமல் கொண்டு வாருங்கள். அப்போது மானிட்டருடன் அதன் பவர் அடாப்டரையும் டிவிஐ கேபிளையும் மறக்க வேண்டாம். விளையாட்டில் மட்டும் கோளாறு என்றால் மானிட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு கார்டுகளையும் பிரிட்ஜையும் எடுத்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
பழுதுநீக்கப் பிரிவுப் பொறுப்பாளர்