‘ஹிடியஸ்’ மறைத்து வைக்கும் சொல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில் ‘ஹிடியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மிக மிக அசிங்கமான’ என்று பொருள் தந்திருந்தீர்கள். கூடவே, ‘மறைத்தல்’ என்ற பொருளுள்ள ‘ஹைட்’ என்பதிலிருந்து பிறந்த சொல் அது, கண்ணில் படாமல் மறைத்து வைக்க வேண்டியதைக் குறிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இது தவறு. சின்னத் தவறுதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் ஆங்கிலம் கற்பிப்பவள். என் மாணவன் ஒருவன் அந்தப் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருந்தான். ‘ஹைட்’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, கீழே சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டும் எழுதியிருந்தான்: ‘அவள் முகம் ஹிடியஸ். அதனால் ஒளிந்துகொண்டாள்.’ இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன், எங்கே கோடு போடுவதென்று தெரியவில்லை.

‘மறைத்தல்’ எனப்படும் ‘ஹைட்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். ‘ஹிடியஸ்’ வந்த வழி வேறு. 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் சாரை சாரையாக ஆங்கிலத்துக்குள் வந்தன அல்லவா, அந்த வரிசையில் வந்தது இது. பழைய பிரெஞ்சில் ‘ஹிடெ’ என்றால் பயம், திகில். அதிலிருந்து ‘திகிலூட்டுவது’ என்ற பொருளோடு 1300ஐ ஒட்டி ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. அப்போது அது சொன்னது கண்டவனுடைய நடுக்கத்தை. அவலட்சணம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று அகராதிகள் அந்தப் பொருளையும் தருகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் இன்றும் சத்தத்தை ‘ஹிடியஸ் நாய்ஸ்’ என்கிறார்கள், குற்றத்தை ‘ஹிடியஸ் கிரைம்’ என்கிறார்கள். சத்தத்துக்கு ஏது முகம், மறைத்து வைக்க?

‘அழகற்ற’ என்று பொருள்படும் ‘அக்லி’யின் கதையும் இதேதான். வைகிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அச்சத்தைக் குறித்த வேரிலிருந்து வந்த சொல் அது. முதற்பொருள் ‘அஞ்சத்தக்கது’.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கையிலேயே ‘கோரம்’ இருக்கிறது. வடமொழியில் ‘கோர’ என்றால் அச்சம் தருவது. கோர விபத்து என்கிறோம், பஞ்சத்தின் கோரத் தாண்டவம் என்கிறோம், கோர முகம் என்றும் சொல்கிறோம். ‘ஹிடியஸ்’ நடந்த அதே பாதை. ‘அசிங்கம்’ வேறு ரகம். அதில் அருவருப்பு உண்டு, அச்சம் கிடையாது. உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடுகள் எட்டைத் தொல்காப்பியர் சொல்லும்போது, இழிவுணர்வாகிய இளிவரலையும் அச்சத்தையும் தனித்தனியாகத்தான் வைத்தார். ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறை’ என்று, அதாவது வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தலைவன் என்று, அச்சம் பிறக்கும் இடங்களையும் எண்ணிச் சொன்னார். ‘ஹிடியஸ்’ அந்த அச்சத்தின் பக்கம் நிற்கிற சொல்.

ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி, தன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற திகில் நாவலின் 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், அந்த நாவலையே ‘ஹிடியஸ்’ பிள்ளை என்று குறிப்பிட்டு, உலகத்துக்குள் போய்த் தழைக்கட்டும் என்று வழியனுப்புகிறார். உங்கள் விளக்கத்தை வைத்துக்கொண்டு இதை மொழிபெயர்த்தால் ‘அசிங்கமான பிள்ளை’ என்று வரும். ஒளித்து வைக்க வேண்டிய பிள்ளையை எந்தத் தாய் ஊருக்குள் அனுப்புவாள்? படிப்பவரை நடுங்க வைக்க எழுதிய கதை அது. ‘கோரப் பிள்ளை’ என்று போட்டுப் பாருங்கள், அந்தத் தாயின் பெருமை தெரியும்.

ஆகவே ‘ஹிடியஸ்: அச்சம் தரும்படியான, கோரமான. பயம் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது’ என்று அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மூலையில் இரண்டு வரியாக வேண்டாம். அதே பகுதியில், அதே அகலத்தில் வரட்டும். அந்தப் பையனின் நோட்டில் பழைய துண்டின் மேலேயே ஒட்டச் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி